எதற்கு இந்த அனுமதி?
செல்போன் செயலிகள் நம்மிடம் கேட்பதும் நாம் கொடுப்பதும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, கடை திறந்து சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் நம் செல்போனுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. நம்மிடம் பதினைந்து ஆண்டுகளாகப் பருப்பும் மிளகாயும் புளியும் எடுக்கும் ஒரு மளிகைக் கடைக்காரரின் புகைப்படம். அதன் கீழே, இவர் மோசடிக்காரர், வாங்கிய கடனைக் கட்டாமல் ஏமாற்றுகிறார் என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் யார் என்று தெரியாது.

மொத்த வியாபாரத்தில் பெயர்தான் ஈடு. பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை. ஆள் நாணயமானவர் என்ற ஒரு சொல்லை நம்பித்தான் மூட்டை ஏற்றுகிறோம். அந்தச் சொல்லுக்கு ஊறு வந்ததும் நாம் பயந்துவிட்டோம். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்று போக வேண்டிய சரக்கை, வண்டி இல்லை என்று சாக்குச் சொல்லி நிறுத்திவிட்டோம்.

மூன்றாம் நாள் அவரே வந்தார். "முதலாளி, உங்களுக்குமா அந்த மெசேஜ் வந்துது?" என்று கேட்டுவிட்டு நிற்க முடியாமல் நின்றார். அவசரத்துக்கு ஒரு கடன் செயலியில் 8,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். தவணை ஒரு வாரம் தள்ளிப்போனது. அவர் செல்போனில் பதிந்து வைத்திருந்த சம்பந்தி முதல் சரக்குக் கொடுக்கும் நாம் வரை எல்லோருக்கும் அந்தச் செய்தி போய்விட்டது. "யார் நம்பரையும் நான் குடுக்கலை முதலாளி" என்றார்.

உண்மையில் அவர் கொடுத்திருந்தார். செயலியைத் திறந்த முதல் நாள், 'தொடர்புகளை அணுக அனுமதிக்கவா?' என்று செல்போன் கேட்டது. பணம் வரட்டும் என்ற அவசரத்தில் 'அனுமதி' என்ற இடத்தில் விரலை வைத்தார். அந்த ஒரு தொடுதலில் அவருடைய உறவும் வியாபாரமும் மொத்தமாகக் கை மாறிவிட்டன.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இப்படிப்பட்ட கடன் செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2020 டிசம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. 2021 ஜனவரியில் சென்னை மாநகரக் காவல்துறை இத்தகைய வழக்கு ஒன்றில் சீன நாட்டவர் இருவரைப் பெங்களூரில் கைது செய்தது. ஆகவே இந்த 'அனுமதி' என்பது என்ன, அதை யார் கேட்கிறார்கள், எங்கே எழுதி வைக்கிறார்கள் என்பதை நம் வியாபார மொழியிலேயே பார்ப்போம்.

இ-வே பில்லும் செயலியும்

புதுச்சேரி வியாபாரிக்கு எல்லை என்பது புதிய விஷயமல்ல. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும் என்ற விதி 2018 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. வண்டி கிளம்புவதற்கு முன்பே, உள்ளே என்ன இருக்கிறது, எங்கே போகிறது என்று எழுதித் தர வேண்டும். பட்டியலில் இல்லாத மூட்டை வண்டியில் இருந்தால் வழியில் மாட்டிக்கொள்வோம்.

செயலிக்கும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு செல்போனுக்குச் செயலி எழுதுபவர் ஒவ்வொருவரும், செயலியோடு சேர்த்து ஒரு பட்டியலையும் எழுதி வைத்தாக வேண்டும். அதற்கு 'மேனிஃபெஸ்ட்' என்று பெயர். கப்பலில் என்னென்ன சரக்கு ஏற்றியிருக்கிறது என்று துறைமுகத்தில் காட்டும் பட்டியலுக்கும் அதே பெயர்தான். இந்தச் செயலிக்குக் கேமரா வேண்டும், தொடர்புப் பட்டியல் வேண்டும், குறுஞ்செய்தி படிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அதில் வரிவரியாக அறிவிக்க வேண்டும்.

இதில் இரண்டு விதிகளை நினைவில் வைத்தால் போதும்.

ஒன்று: பட்டியலில் எழுதாததைச் செயலி கேட்கவே முடியாது. தொடர்புப் பட்டியல் வேண்டும் என்று அறிவிக்காத செயலி பின்னால் ஆசைப்பட்டாலும், நம்மிடம் கேள்வி வருவதற்கு முன்பே செல்போன் மறுத்துவிடும்.

இரண்டு: பட்டியலில் எழுதிவிட்டதாலேயே எல்லாம் கிடைத்துவிடாது. முக்கியமானவற்றுக்குச் செல்போனின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். பட்டியல் அவரை வாசல் வரை கொண்டுவரும். கதவைத் திறப்பது நம் கை.

ஆப்பிள் ஐபோனில் இன்னும் ஒரு படி அதிகம். கேமராவோ தொடர்புகளோ எதற்காக வேண்டும் என்ற காரணத்தையும் ஒரு வாக்கியமாகச் செயலியில் எழுதி வைக்க வேண்டும். 2016 முதல், காரணம் எழுதாத செயலி அந்த இடத்தைத் தொட்டதும் தானே நின்றுவிடும். கேள்வி கேட்கும் பெட்டியில் அந்தக் காரணமும் நம் கண்ணில் படும்.

முன்பு ஆண்ட்ராய்டில் இவ்வளவு வசதி கிடையாது. செயலியை இறக்கும்போதே முழுப் பட்டியலையும் காட்டும். எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னால்தான் உள்ளே வரும், இல்லையேல் செயலியே இல்லை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பில்தான் ஒவ்வொன்றையும் தேவைப்படும் நேரத்தில் தனித்தனியே கேட்கும் முறை வந்தது. 2019-இல் 'பயன்படுத்தும்போது மட்டும்' இருப்பிடத்தைக் கொடுக்கும் வசதியும், 2020-இல் 'இந்த ஒரு முறை மட்டும்' என்பதும், 2021-இல் துல்லியமான இடத்துக்குப் பதில் உத்தேசமான இடத்தைக் கொடுப்பதும் வந்தன. நம் கையில் இருக்கும் செல்போன் ஓரளவு புதியதென்றால் இந்த உரிமைகள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. பயன்படுத்துவதுதான் குறைவு.

மூன்று வகை அனுமதிகள்

முதல் வகை சாதாரணமானவை. இணையத்தைப் பயன்படுத்துவது, செல்போனை அதிர வைப்பது போன்றவை. பட்டியலில் எழுதினால் போதும், நம்மைக் கேட்பதில்லை.

இரண்டாம் வகை நம் சொந்த விஷயங்களைத் தொடுபவை. தொடர்புகள், குறுஞ்செய்தி, அழைப்பு விவரம், கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம், புகைப்படங்கள். இவற்றுக்குத்தான் 'அனுமதிக்கவா?' என்ற பெட்டி வருகிறது.

மூன்றாம் வகை விசேஷ அனுமதிகள். மற்றச் செயலிகளின் மேல் தோன்றுவது, வரும் அறிவிப்புகளை எல்லாம் படிப்பது, வெளியிலிருந்து வேறு செயலிகளை நிறுவுவது, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ உண்டாக்கிய 'அணுகல்தன்மை' சேவை ஆகியவை. இவற்றுக்குச் சிறிய பெட்டி வராது. அமைப்புகள் பக்கத்துக்கு நம்மை அழைத்துப்போய் அங்கே நம் கையாலேயே மாற்றச் சொல்வார்கள். ஒரு செயலி அப்படி அழைத்தால் விரலை எடுத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

நம் கடையில் எது எதற்கு?

எல்லா அனுமதியையும் மறுத்தால் வியாபாரம் நடக்காது. கேட்பவருக்குக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

யு.பி.ஐ. பணச் செயலி குறுஞ்செய்தி அனுமதி கேட்கிறது. அதற்குக் காரணம் உண்டு. பதிவு செய்யும்போது நம் செல்போனிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி போய், வங்கியில் கொடுத்த எண்ணும் இந்த சிம்மும் ஒன்றுதானா என்று உறுதி செய்யப்படுகிறது. கியூ.ஆர். அட்டையைப் படிக்கக் கேமரா வேண்டும். இவை நியாயம்.

கணக்கு எழுதும் செயலி தொடர்புகளைக் கேட்கும். வாடிக்கையாளர் பெயரைத் தேடி எடுக்க அது வசதி. ஆனால் கட்டாயமல்ல. பெயரையும் எண்ணையும் கையால் அடித்தும் சேர்க்கலாம். ஐம்பது பற்று வரவுக்காரர்களைச் சேர்க்க ஒரு மாலைப்பொழுது ஆகும். ஐந்நூறு பேருடைய எண்களை அடுத்தவரிடம் கொடுப்பதைவிட அது மேல்.

பில் அடிக்கும் சிறிய புளூடூத் அச்சு இயந்திரத்துக்கான செயலி, 'இருப்பிடம்' வேண்டும் என்று கேட்டதைப் பல கடைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பில் அடிக்க நாம் இருக்கும் இடம் எதற்கு என்று சந்தேகம் வருவது சரியே. பக்கத்தில் உள்ள புளூடூத் கருவிகளை வைத்து ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால், பழைய ஆண்ட்ராய்டில் அப்படிக் கருவிகளைத் தேடுவதற்கு இருப்பிட அனுமதியைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்கு 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி உண்டு. பழைய செல்போனில் கேட்டால் புரிந்துகொள்ளலாம். புதிய செல்போனிலும் விடாமல் கேட்டால் விற்றவரை விளக்கம் கேளுங்கள்.

இதை எழுத உட்கார்ந்தபோது நம் செல்போனையே திறந்து பார்த்தோம். ஒரு பஞ்சாங்கச் செயலி தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தது. ராகு காலம் சொல்ல நம் பாக்கிக்காரர்கள் பெயர் எதற்கு? நாம்தான் என்றோ கொடுத்திருக்கிறோம். கொடுத்தது ஞாபகம்கூட இல்லை.

ஏ.பி.கே. என்றால் எச்சரிக்கை

இன்னொரு வழியாகவும் ஆபத்து வருகிறது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சலான் என்றும், வங்கிக் கணக்கைப் புதுப்பிக்க என்றும் ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருக்கும். அது பத்திரிகையும் இல்லை, சலானும் இல்லை. அதுவே ஒரு செயலி. கடையின் வழியாக வராமல் கொல்லைப்புறமாக வருவதால் யாரும் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியை அதற்குக் கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நம் கண்ணில் படும் முன்பே திருடனிடம் போய்ச் சேரும்.

இப்படிப்பட்டவர்கள் ஒரு தந்திரமும் செய்துவந்தார்கள். 2015-க்கு முந்திய முறையில் எழுதியது போல் செயலியைச் செய்தால், புதிய செல்போனிலும் தனித்தனியாகக் கேட்காமல் மொத்தமாக அனுமதி வாங்கிவிடலாம். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14, அத்தகைய பழைய முறைச் செயலிகளை நிறுவவே விடுவதில்லை. ஆனால் நம் கடைகளில் பழைய செல்போன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 செப்டம்பர் 2-ஆம் தேதி ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடன் பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கடன் செயலிகள் செல்போனில் உள்ள கோப்புகள், படங்கள், தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரங்கள் ஆகியவற்றைத் தொடக் கூடாது. ஆளை அடையாளம் காண வேண்டிய நேரத்தில் மட்டும், சம்மதம் பெற்று, கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றை ஒரு முறை பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். 2025 மே மாதம் வந்த விதிகளிலும் இது தொடர்ந்தது. கூகுள் நிறுவனமும் தன் பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் செயலிகள் தொடர்புகளையும் புகைப்படங்களையும் கேட்கக் கூடாது என்று 2023 மே 31 முதல் தடை செய்தது. ஆகவே இன்று ஒரு கடன் செயலி தொடர்புகளைக் கேட்டால் அது விதியை மீறுகிறது என்று அப்போதே முடிவு செய்துவிடலாம்.

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதில் சம்மதம் பற்றிய 6-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மருத்துவ ஆலோசனைச் செயலியை இறக்குகிறார். அது சிகிச்சைக்கான விவரங்களோடு தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சம்மதிக்கிறார். வைத்தியம் பார்க்கத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால், அந்தச் சம்மதம் சிகிச்சை விவரத்துக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். அதாவது நாம் தெரியாமல் சரி என்று சொல்லிவிட்டாலும், தேவைக்கு மேல் எடுக்க அவருக்கு உரிமை இல்லை. சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும் என்று அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

சட்டம் வருவதற்கும் எடுத்துச் சென்ற விவரம் திரும்புவதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு முறை நகல் எடுத்துப் போன பெயர்களை, பின்னால் அனுமதியை ரத்து செய்வதால் திருப்பி வாங்க முடியாது. சிந்திய எண்ணெயை டின்னில் அள்ள முடியுமா?

நாமே செயலி செய்தால்

இப்போது மொத்த வியாபாரிகள் பலரும் ஆர்டர் எடுக்கச் சொந்தமாகச் செயலி செய்துகொள்கிறார்கள். அப்போது நாம் அனுமதி கொடுப்பவராக இருந்த இடத்திலிருந்து கேட்பவர் இடத்துக்கு மாறுகிறோம். நம் பெயரில் வரும் செயலி சில்லறைக் கடைக்காரரின் செல்போனைத் துருவினால், பழி எழுதிக் கொடுத்த பையனுக்கு வராது, நம் பெயர்ப் பலகைக்குத்தான் வரும். எனவே செய்து தருபவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

1. மேனிஃபெஸ்டில் உள்ள அனுமதிகளின் முழுப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி காரணம், தமிழில். காரணம் எழுத முடியாததை அடித்துவிடச் சொல்லுங்கள்.

2. ஆர்டர் எடுக்கும் செயலிக்கு இணையம் வேண்டும். சரக்கு கிளம்பியதைச் சொல்ல அறிவிப்பு அனுமதி வேண்டும். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் இதற்கும் சம்மதம் கேட்க வேண்டும். பெரும்பாலும் இவ்வளவே போதும். போன் செய்யும் பொத்தான் வைக்க வேண்டுமானால், எண்ணை நிரப்பி டயல் பக்கத்தைத் திறந்துவிட்டால் போதும். அதற்கு அனுமதியே தேவையில்லை. சரக்கின் படம் அனுப்ப, செல்போனே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வசதி உண்டு. எல்லாப் படங்களுக்கும் சாவி கேட்க வேண்டாம்.

3. பிறர் செய்த துண்டுகளைச் சேர்த்துத்தான் இப்போது செயலி கட்டுகிறார்கள். விளம்பரத்துக்கு ஒன்று, கணக்கெடுப்புக்கு ஒன்று என்று சேர்க்கும்போது, அந்தத் துண்டுகளின் அனுமதிகளும் நம் பட்டியலில் தாமாகவே கலந்துவிடும். நம் லாரியில் டிரைவர் வழியில் யாருடைய மூட்டையையோ ஏற்றிக்கொள்வது போல. கடைசியாக உருவான பட்டியலைப் பார்த்து, நாம் கேட்காததை நீக்கச் சொல்லுங்கள். நீக்க வழி இருக்கிறது.

4. பிளே ஸ்டோரில் வைக்கும்போது, என்ன விவரம் எடுக்கிறோம், யாருக்குத் தருகிறோம் என்ற படிவத்தையும் நிரப்ப வேண்டும். குறுஞ்செய்தி, அழைப்பு விவரம், செயலியை மூடிய பின்னும் இருப்பிடம் ஆகியவற்றைக் கேட்டால் தனியாகக் காரணம் காட்ட வேண்டும். திருப்தி இல்லையேல் செயலியை ஏற்க மாட்டார்கள். அந்தப் படிவத்தை நீங்கள் படித்த பிறகே அனுப்ப விடுங்கள். அதில் பொய் இருந்தால் அது உங்கள் பொய்.

இன்றே செய்ய வேண்டியவை

கடை மூடிய பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். செல்போனின் அமைப்புகளில் 'அனுமதி நிர்வாகி' என்ற இடம் இருக்கும். அதில் 'தொடர்புகள்' என்பதைத் தொட்டால், உங்கள் பெயர்ப் பட்டியல் யார் யார் கையில் இருக்கிறது என்று தெரியும். காரணம் புரியாததை எடுத்துவிடுங்கள். அதேபோல் 'எஸ்.எம்.எஸ்.', 'இருப்பிடம்', 'ஒலிவாங்கி' ஆகியவற்றையும் பாருங்கள். எடுத்ததால் ஏதாவது வேலை நின்றால் செயலியே மறுபடி கேட்கும். அப்போது காரணம் பார்த்துக் கொடுக்கலாம்.

கடன் செயலி உண்மையானதா என்று அறிய, ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் 2025 ஜூலை முதல், தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் கடன் செயலிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். மிரட்டல் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வாடிக்கையாளரைப் பற்றி இப்படி ஒரு செய்தி வந்தால், சரக்கை நிறுத்துவதற்கு முன் அவரை அழைத்துப் பேசுங்கள். நாம் அதைச் செய்யத் தவறினோம். அன்று அவர் முன்னால் நமக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. மறுநாள் காலை முதல் லோடு அவருக்குத்தான் போனது. இன்றும் அவர் கணக்கு நம் பேரேட்டில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் அந்த மூன்று நாளை அவர் மறந்திருப்பார் என்று நாம் நினைக்கவில்லை.

நம் செல்போனில் இருப்பவை வெறும் எண்கள் அல்ல. நம்மை நம்பித் தங்கள் எண்ணைக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்காகவாவது, அடுத்த முறை அந்தப் பெட்டி வரும்போது ஒரு கணம் நிறுத்தி, எதற்கு என்று கேட்போம்.